லண்டன் போக ஏழு மணி நேரம், நியூயார்க் போக எட்டு: ஏன்?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை சுமார் 5,540 கிலோமீட்டர். ஆனால் டிக்கெட்டைப் பாருங்கள். காலை 11 மணிக்கு லண்டனில் கிளம்பினால் பிற்பகல் 2 மணி வாக்கில் நியூயார்க். அங்கே கடிகாரம் 5 மணி நேரம் பின்னால் இருப்பதால் உண்மையில் 8 மணி நேரப் பயணம். திரும்பும்போது இரவு 7 மணிக்கு ஏறினால் காலை 7-க்கு லண்டன், அதாவது 12-இல் 5 போக 7.

பூமி சுற்றுவதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது, அப்படிப் பார்த்தால் நியூயார்க்தான் நம்மை நோக்கி வர வேண்டும், மேற்கே போவதுதான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பதோ தலைகீழ். காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, அதனால் அந்தக் கணக்கே செல்லாது.

விஷயம் காற்றில் இருக்கிறது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால் மேலே காற்று வடக்கு நோக்கி நகர்கிறது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் அதே மட்டத்தில், அது ஒரு ஆறு மாதிரி ஓடுகிறது. இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். 1920-களிலேயே ஜப்பானில் வசபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர் பலூன் விட்டு இதை அளந்து, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார், வெளியுலகம் கவனிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

விமானம் இந்த ஆற்றில் போகும் ஓடம். காற்றுக்குள் அதன் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால், பின்னாலிருந்து 150 தள்ளும்போது இருக்கைத் திரையில் தரை வேகம் 1,050 என்று காட்டும். எதிரே வீசினால் 750. 2020 பிப்ரவரியில், சியாரா புயல் சமயத்தில், ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது, தரை வேகம் 1,300-ஐத் தாண்டியது. கடல் மட்டத்தில் ஒலியின் வேகமே சுமார் 1,225 தான். ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை, ஏனென்றால் தன்னைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

சரி, போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாமே? முடியாது. வானில் அதே 900 வேகத்தில் பறக்கும் நேரத்தை மட்டும் கணக்கிடுவோம். காற்றே இல்லாவிட்டால் போய்வர 12 மணி 19 நிமிடம். வழியெல்லாம் அதே 150 காற்று இருந்தால் போக 7 மணி 23, வர 5 மணி 17, மொத்தம் 12 மணி 40. எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால் 21 நிமிடம் நஷ்டம்.

அதனால்தான் அட்லாண்டிக்கின் மேல் வான்பாதைகளை நாளுக்கு இரண்டு முறை புதிதாக வரைகிறார்கள். மேற்கே போகும் பகல்நேரப் பாதைகளை பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஷான்விக் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமும், கிழக்கே போகும் இரவுப் பாதைகளை கனடாவின் கேண்டர் மையமும் போடுகின்றன. ஜெட் ஸ்ட்ரீம் பலமாக இருக்கும் நாளில் நியூயார்க் போகிற விமானம் கிரீன்லாந்துப் பக்கம் வரைக்கும்கூட ஒதுங்கிப் போகும். தூரம் கூடும், ஆனால் சீக்கிரம் போய்ச் சேரும்.