நிழல் வேண்டும், மண் மட்டும் வேண்டாமா?

"தெருவில் கால் வைக்க முடியவில்லை சார், ஒரே அனல். அழகா ஏதாவது டிசைன் பண்ணிக் கொடுங்க." சென்னைப் புறநகரில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் கூப்பிட்டது. போய்ப் பார்த்தால் சுவரிலிருந்து சுவர்வரை பேவர் பிளாக். இரண்டு பக்கமும் ஏழடி காம்பவுண்டு. வெட்டியது போக மிஞ்சிய நாலைந்து புங்க மரங்களுக்கு அடியில் சிமென்ட் மேடை. இதன் நடுவே இரும்புப் பந்தல் போட்டு பிளாஸ்டிக் கொடி சுற்ற வேண்டுமாம். இப்படிக் கேட்பவர்களை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அந்த மேடை எதற்கு என்றால், "மரம் ஆடாம நிக்கும் சார்." எங்கே போனாலும் இதே பதில். நிற்காது. மரத்தைப் பிடித்து வைப்பது வேர், சிமென்ட் அல்ல. வேரில் பெரும்பங்கு மேல் இரண்டடி மண்ணிலேயே கிளை நிழலையும் தாண்டிப் பரவுகிறது. அந்த மண்ணுக்குக் காற்றும் மழைநீரும் வேண்டும். மூடினால் வேர் நலியும், பருக்கிற அடிமரத்தைச் சிமென்ட் வளையம் இறுக்கும். ஓரிடத்தில் வேர் பிளாக்கைத் தூக்கினால் உடனே "மரம் தரையை உடைக்குது" என்று புகார். மூச்சு விட இடம் தராததால்தான் அது தூக்குகிறது. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்ததையும் பார்த்தோம். வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்துவிட்டு, பழியைக் காற்றின் மேல் போடுகிறோம்.

அடுத்தது சுவர். ஏழடிச் சுவர் திருடனைத் தடுக்காது. உள்ளே குதித்த பிறகு அவனை மறைக்கும். மூன்றடிச் சுவர், மேலே கிரில், உள்பக்கம் செம்பருத்தியோ நொச்சியோ போதும். வராந்தாவில் உட்கார்ந்தால் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கும் துணையிருக்கிற மாதிரி இருக்கும். பின்பக்கத்துக்குக் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, ஊன்றினால் உயிர்வேலி ஆகிவிடும். வேகமாக வளர்கிறது என்று கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரத்தை மட்டும் கேட்காதீர்கள். குஜராத் அரசு 2023-இல் அதைத் தடை செய்தது, பிறகு நம் அரசும்.

பந்தல் ஆசை நல்ல ஆசை, தெரு நடுவே இல்லாமல் அவரவர் வாசல் கேட்டுக்கு மேல் போடுங்கள். ஆனால் கால்கள் உங்கள் எல்லைக்குள் நிற்கட்டும். முல்லையோ ரங்கூன் மல்லியோ ஏறட்டும், வாசல் குளிரும். காருக்காகத் தெருவில் நீட்டிய சறுக்கு மேடையை முதலில் உடையுங்கள், மரக்குழிக்கு இடம் கிடைக்கும். மின்கம்பிக்கு அடியில் தூங்குமூஞ்சி வைத்துவிட்டு வருடா வருடம் மொட்டையடிக்காதீர்கள். மந்தாரை, பவளமல்லி வையுங்கள். கம்பி இல்லாத பக்கம் புங்கம், வேம்பு, மகிழம். கன்று தேறியதும் இரும்புக் கூண்டைத் தயவுசெய்து கழற்றுங்கள். மரத்துக்குள் புதைந்த கூண்டைக் கழற்ற யாராலும் ஆகாது.

சாலை போட ஆள் வருகிற அன்று சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே நில்லுங்கள். மரத்தைச் சுற்றி நாலடிக்கு நாலடி மண் விடச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் மறுக்க மாட்டார், அவருக்கும் சிமென்ட் மிச்சம்தானே.