ஜைரோ: காட்டியா, அளவியா?

உப்புவெளியிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகேறுபவர்களிடம் கிம்பலில், அதாவது கமரா ஆடாமல் தாங்கும் கைப்பிடியில், பூட்டிய போனை அடிக்கடி காணலாம். கேட்டால், "ஜைரோ இருக்கு, வீடியோ ஆடாது" என்பார்கள். பாதிதான் சரி. ஜைரோ எதையும் ஆடாமல் பிடிப்பதில்லை. அப்படியென்றால் அது செய்வது என்ன, தமிழில் அதற்கு என்ன பெயர் பொருந்தும்?

ஜைரோ என்பது ஜைரோஸ்கோப்பின் சுருக்கம். அந்தப் பெயரை 1852இல் வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லெயோன் ஃபூக்கோ. கிரேக்கத்தில் 'கூரோஸ்' என்றால் வட்டம். 'ஸ்கோப்பெய்ன்' என்றால் பார்த்தல். வேகமாகச் சுழலும் சில்லு (சக்கரம்) ஒன்றை, எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய வளையங்களுக்குள் அவர் மாட்டினார். சில்லின் அச்சு பிடித்த திசையை விடவில்லை. மணிக்கு 15 பாகை திரும்பும் பூமிதான் அதைவிட்டு விலகியது. அந்த விலகலை நுணுக்குக்காட்டி வைத்துப் பார்த்தார். பூமியின் சுழற்சியைக் கண்ணுக்குக் காட்டிய கருவி, அவ்வளவுதான்.

'ஸ்கோப்' வரும் இடத்தில் நம் பள்ளிக்கூடத் தமிழ் 'காட்டி' என்றே பழகியிருக்கிறது: தொலைகாட்டி, நுணுக்குக்காட்டி. தமிழ்நாட்டில் அதே இடத்தில் 'நோக்கி' வரும். ஆகவே ஃபூக்கோவின் சில்லுக்குச் 'சுழல்காட்டி' கச்சிதம்.

போனுக்குள் இருப்பதோ வேறு சாமான். அதில் சில்லே இல்லை. சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய திணிவு ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கும். போனைத் திருப்பினால், அந்தச் சுழற்சியால் தோன்றும் கொரியோலிசு விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும். தள்ளிய அளவிலிருந்து, ஒரு செக்கனுக்கு எத்தனை பாகை திரும்பியது என்ற எண் கிடைக்கும். எண் தருவதை 'அளவி' என்பதே முறை. 'கொட்பளவி' என்று ஒரு சொல் எழுத்தில் உண்டு. கொட்பு என்றால் சுழற்சி; பழந்தமிழ்ச் சொல். வாய்க்குக் கொஞ்சம் முரடு என்றாலும் இந்தச் சில்லுக்கு, மன்னிக்கவும், சில்லில்லாத சாமானுக்கு, என் வாக்கு அதற்கே.

கமராவை உண்மையில் பிடித்து வைப்பது கிம்பல். 'இரட்டை' என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லில் வேர்கொண்ட பெயர். கப்பலின் திசைகாட்டி ஒன்றுக்குள் ஒன்றான இரு வளையங்களில் தொங்குவதை நினைத்தால் பொருத்தம் புரியும். இன்றைய கிம்பலில் அச்சுக்கு ஒன்றாக மூன்று மோட்டர்கள். படகு இடப்பக்கம் சரிந்தால் கொட்பளவி சொல்லும், மோட்டர் எதிர்ப்பக்கம் திருப்பும், மிச்சப் பிழையைக் கொட்பளவி மறுபடி சொல்லும். இந்தச் சுற்று ஓயாது. இதை 'ஆடாத்தாங்கி' என்றால் பிழையில்லை என்பது என் எண்ணம்.

இவ்வளவு பாடு எதற்கு? 200 மீற்றர் தள்ளி மூச்சுவிடும் திமிங்கிலத்தைச் சூம் பண்ணும்போது, கமரா ஒரு பாகை திரும்பினாலே குறி மூன்றரை மீற்றர் விலகிவிடும்.

இன்னொரு சங்கதி. கொட்பளவியின் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அதைத் திருத்த, 'கீழ் எது' என்று சொல்ல, ஈர்ப்பையும் வேகமாற்றத்தையும் உணரும் ஆர்முடுகல்மானி ஒன்றும் உள்ளே உண்டு. ஆனால் ஓட்டி திமிங்கிலத்தைச் சுற்றிப் படகை நீள வளைக்கும்போது, வளைவின் ஆர்முடுகலும் ஈர்ப்போடு கலந்துவிட, அது 'கீழ்' என்பதையே தவறாகக் கணிக்கும். வீடியோவில் அடிவானம் மெல்லச் சரியும். "ஜைரோ பழுதாப்போச்சு" என்று கடைக்குக் கொண்டோட வேண்டாம். படகு நேராக ஓட, கொஞ்ச நேரத்தில் தானாக நிமிரும்.