பல்லுறுப்பி: ‘பாலிமர்’ என்னும் சொல்லும் அதற்குள் இருக்கும் பிணைப்பும்

சிறு மூலக்கூறுகள் பல கோத்து உண்டாகும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறைக் குறிக்கும் ‘பாலிமர்’ என்பதற்குத் தமிழில் இன்று மூன்று சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டு வேதியியல் பாடநூல்களில் ‘பலபடி’ என்ற சொல்லைப் பார்க்கிறோம். அறிவியல் கட்டுரைகளில் ‘பல்லுறுப்பி’ மிகுதியாக வருகிறது. இலங்கை மாணவர்கள் ‘பல்பகுதியம்’ என்று படிக்கிறார்கள். மூன்றும் உழைத்து ஆக்கப்பட்ட சொற்களே. ஆயினும் இவற்றுள் எது அந்தப் பொருளின் இயல்பை உள்ளபடி காட்டுகிறது என்று கேட்டால், மூலச்சொல் எதைக் குறிக்கப் பிறந்தது, பின்னர் எதைக் குறிக்கலாயிற்று என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘பாலி’ என்பது ‘பல’ என்றும், ‘மெரொஸ்’ என்பது ‘பகுதி, பங்கு’ என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்கள். இவற்றைச் சேர்த்து 1833இல் இச்சொல்லை ஆக்கியவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். அவர் கருதிய பொருள் இன்றைய பொருள் அன்று. இரு சேர்மங்களில் தனிமங்கள் ஒரே விகிதத்தில் இருந்து, ஒன்றில் அணுக்களின் எண்ணிக்கை மற்றதன் மடங்காக இருந்தால், அந்த உறவையே அவர் இப்பெயரால் அழைத்தார். அசிட்டிலீனில் இரண்டு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் உள்ளன. பென்சீனில் ஆறும் ஆறும் உள்ளன. பெர்சீலியஸின் கணக்குப்படி பென்சீன், அசிட்டிலீனின் பாலிமர். ஆனால் இன்று எந்த வேதியியலாளரும் பென்சீனைப் பாலிமர் என்று சொல்லமாட்டார். மறுபுறம், உறுப்புகள் சேரும்போது நீர் மூலக்கூறுகள் வெளியேறுவதால் விகிதம் மாறிவிடும் நைலான் 66 என்னும் செயற்கை இழை அவருடைய வரையறைக்குள் வராது. அவர் சொல் எண்ணிக்கையைச் சொன்னது. எது எதனோடு எப்படிக் கட்டுண்டிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

கட்டு எது என்பதற்கான சொல் வேறொரு வழியில் வந்தது. இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பொதுவில் வைத்துக்கொள்வதே பிணைப்பு என்று 1916இல் அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் விளக்கினார். அதற்கு 1919இல் ‘கோவேலன்ஸ்’ என்று பெயரிட்டவர் மற்றோர் அமெரிக்க வேதியியலாளரான லாங்மியூர். நம் பாடநூல்கள் இதைச் ‘சகப்பிணைப்பு’ என்கின்றன. இலங்கையில் ‘பங்கீட்டு வலுப் பிணைப்பு’. இரண்டாவது சொல் விளக்கமாக இருந்தாலும், ‘பங்கீடு’ என்றதும் பிரித்துக் கொடுப்பதே நினைவுக்கு வருகிறது. இங்கே நடப்பது பிரிவினை அன்று. அண்ணன் தம்பி நிலத்தைப் பிரித்துக்கொண்ட பிறகும் கிணறு இருவருக்கும் பொதுவாக நிற்பதுபோல, அந்த எலக்ட்ரான் இணை இரு அணுக்களுக்கும் பொதுவாக நிற்கிறது.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. நீர் எளிதில் கொதிப்பதால் அதன் சகப்பிணைப்பு வலுவற்றது என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு மோல் நீரை, அதாவது ஏறக்குறைய 18 கிராம் நீரை, அதன் கொதிநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 41 கிலோஜூல் போதும். அதே ஒரு மோல் நீரிலுள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை எல்லாம் முறிக்க 920 கிலோஜூலுக்கும் மேல் வேண்டும். கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே தவிர, எந்த மூலக்கூறும் உடைவதில்லை. ஆகவே மூலக்கூறுக்குள் இருப்பதற்குப் ‘பிணைப்பு’ என்றும், மூலக்கூறுகளுக்கு இடையே இருப்பதற்கு ‘ஈர்ப்பு விசை’ என்றும் இரு சொற்களையும் கலக்காமல் ஆள்வது நல்லது. (மூலக்கூறுகளுக்கு இடையிலான ஒருவகை ஈர்ப்பை ‘ஹைட்ரஜன் பிணைப்பு’ என்னும் வழக்கு இந்த ஒழுங்குக்கு இடையூறுதான்; நிலைபெற்றுவிட்ட வழக்கு என்பதால் விளக்கிவிட்டுக் கடந்து செல்லலாம்.)

இந்த வேறுபாட்டோடு ஒரு வரிசையைப் பார்ப்போம். ஒரே ஒரு கார்பன் உள்ள மீத்தேன், சுழியத்திற்குக் கீழ் 162 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. ஆறு கார்பன் உள்ள ஹெக்சேன் 69 பாகையில் கொதிக்கும் நீர்மம். இருபது முப்பது கார்பன்கள் கோத்தவை மெழுகுவத்தியின் திண்ம மெழுகு. ஆயிரக்கணக்கில் கோத்தால் பாலித்தீன். இவை அனைத்திலும் உள்ளவை அதே சகப்பிணைப்புகளே. சங்கிலி நீள நீள, பக்கத்துச் சங்கிலியோடு ஈர்ப்பு கொள்ளும் இடங்கள் பெருகுகின்றன. ஓரிடத்து ஈர்ப்பு மிகச் சிறிது. ஆயிரம் இடங்களில் கூடும்போது அது ஒரு தனிப் பிணைப்பின் வலிமையையும் விஞ்சிவிடுகிறது. அதனால்தான் பாலித்தீனை உருக்கலாம், கொதிக்கவைக்க முடியாது: சங்கிலிகள் முழுதாக விலகுமுன் சங்கிலியே அறுந்துவிடும். சங்கிலிகள் ஒரே நீளத்தில் இல்லாததால் உருகுவதும் ஒரே வெப்பநிலையில் நிகழாமல் ஒரு வெப்பநிலை வீச்சு முழுதும் நிகழ்கிறது.

இன்று தெளிவாகத் தெரியும் இது, நூறாண்டுக்கு முன் பெரும் பூசலாக இருந்தது. ரப்பரும் செல்லுலோசும் சிறு மூலக்கூறுகள் வலுவற்ற விசைகளால் திரண்ட திரள்கள் என்றே அன்று பலர் நம்பினர். அவை சகப்பிணைப்பால் கோத்த நெடுஞ்சங்கிலிகள் என்று 1920இல் ஜெர்மானியரான ஸ்டாடிங்கர் எழுதினார். ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனால் நிறைவு செய்து பார்த்தார். மறுதரப்பு சொன்னபடி அந்த இரட்டைப் பிணைப்புகளின் எஞ்சிய கவர்ச்சியே திரளைத் தாங்குவதானால், திரள் கலைந்து எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை, பொருள் ரப்பரைப் போலவே நின்றது. 1953இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. வாதம் முழுவதும் ‘பிணைப்பா, ஈர்ப்பா’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றியதுதான்.

இப்போது தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ‘பகுதி’ என்பது ‘பகு’ என்னும் வேரிலிருந்து வருவது. பிரிப்பதே அதன் அடிப்பொருள். ‘பல்பகுதியம்’ கிரேக்கச் சொல்லுக்கு நேர் பெயர்ப்பு என்பதில் ஐயமில்லை, ஆனால் பெர்சீலியஸ் விட்ட குறை அதிலும் தங்கிவிட்டது. ‘பலபடி’ என்பதில் ‘படி’ என்பது மாடிப்படியா, அளக்கும் படியா, நகலா என்று தெளிவதில்லை. படிகம், பல்படிகம் என்று திண்மங்களைப் பேசும் இடத்தில் மேலும் குழப்பும். ‘உறுப்பு’ வேறு வகை. ‘உறு’ என்பதற்குப் பொருந்துதல், சேர்தல் என்று பொருள்; தனியே கிடப்பது உறுப்பு ஆகாது, ஒரு முழுமையோடு சேர்ந்து நிற்பதே உறுப்பு. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆகியவற்றைச் செய்யுளின் உறுப்புகள் என்று யாப்பிலக்கணம் எண்ணும்போது, சீரையும் சீரையும் கட்டும் தளையையும் உறுப்பாகவே வைத்தது. கணக்குப் பாடத்தில் பல்லுறுப்புக் கோவை என்று மாணவர் முன்பே அறிந்திருப்பதால் சொல்லமைப்பும் புதிதன்று. அதே முறையில், சங்கிலியில் கோக்கப்படும் சிறு மூலக்கூறான மோனோமருக்கு ‘ஓருறுப்பி’, அவை கோத்துச் சேரும் வேதிவினைக்கு ‘பல்லுறுப்பாக்கம்’ என்று குடும்பமாகச் சொற்கள் கிடைக்கின்றன. என் தேர்வு ‘பல்லுறுப்பி’யே.

‘நெகிழி’யை இதற்கு மாற்றாக எழுதுவது மட்டும் பிழை. நெகிழி என்பது பிளாஸ்டிக். பருத்தியின் செல்லுலோசும் பட்டின் புரதமும் பல்லுறுப்பிகளே, ஆனால் நெகிழிகள் அல்ல. வாகனச் சக்கரத்தின் ரப்பரோ கந்தகம் சேர்த்து வேகவைக்கப்பட்டது; அதில் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையிலும் சகப்பிணைப்பு விழுந்துவிடுவதால் அது உருகுவதும் இல்லை, கரைவதும் இல்லை. அதற்குக் ‘குறுக்குப் பிணைப்பு’ என்ற பெயர் மிகச் சரியானது: அங்கே இருப்பது ஈர்ப்பு அன்று, பிணைப்பே.