லெப்ரடோரா, ஜேர்மன் ஷெப்பர்டா? குட்டி வாங்கும் முன் ஒரு கேள்வி

நான் ஒரு மிருக வைத்தியர். போன மாதம் ஒரு குடும்பம் நாயில்லாமலேயே என்னிடம் வந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பாயி. அப்பாவின் போனில் இரண்டு குட்டிகளின் படம். "ரெண்டுல எது நல்லது டொக்டர்?" என்று கேட்டார். வாங்கின பிறகு கஷ்டப்பட்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வாங்கும் முன் கேட்க வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "பகல்ல வீட்டுல யாரு இருப்பா?"

அப்பாவுக்கு டவுனில் கடை. அம்மா ஆசிரியை. பிள்ளைகளுக்கு ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டாலும் பஸ் பிடித்து வீடு சேர மூன்றாகிவிடும். அதுவரை அப்பாயி மட்டும்தான், அவருக்கும் முழங்கால் வலி.

அப்பாவின் மனது ஜேர்மன் ஷெப்பர்டில் இருந்தது. நம் பெரியவர்கள் இன்றும் அதை அல்சேஷன் என்றுதான் சொல்வார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில், ஜேர்மன் என்ற சொல் வேண்டாமென்று ஆங்கிலேயர் மாற்றிவைத்த பெயர் அது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரித்தானியக் கெனல் கிளப் பழைய பெயரை மறுபடி ஏற்றது 1977இல்தான். துரை பங்களாவில் பார்த்த நாய் என்பதால் அதன்மேல் நமக்கு ஒரு மதிப்பு உண்டு. மதிப்புக்குத் தகுந்த நாய்தான். ஆனால் நாள் முழுக்க ஆட்டு மந்தையோடு நடந்து வேலை செய்ய உருவாக்கிய இனம் அது. வேலை இல்லாவிட்டால் தானாக ஒரு வேலை தேடிக்கொள்ளும்: சங்கிலியின் நீளத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும், வருகிற போகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கும், வாலைக் கடிக்கும். ஒரு நாள் தபால்காரரையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கடித்துவிடும்.

இரண்டு வயது ஷெப்பர்ட் ஒன்றை "மூர்க்கமாகிவிட்டது" என்று கொண்டுவந்தார்கள். கழுத்துப் பட்டியைக் கழற்றினேன். குட்டியில் போட்ட பட்டி, அதற்குப் பிறகு தளர்த்தவே இல்லை. முடி உதிர்ந்து, தோல் சுற்றிலும் புண்ணாகி, ஒரு இடத்தில் பட்டி சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. தொட்டால் உறுமாமல் அது வேறு என்ன செய்யும்? புண் ஆறிய பிறகு என் கையை நக்கியது அதே நாய்தான்.

காவலுக்கென்று நாயை இரவில் வாசலில் கட்டிவைக்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தேயிலை மலைக்கும் காட்டுக்கும் பக்கத்தில் இருக்கிற லயங்களில் சிறுத்தை நாயைத் தூக்கிப்போவது நமக்குப் புதிதல்ல. கட்டிய நாயால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. எந்த இனமானாலும் இரவில் உள்ளே எடுங்கள். குறைந்தது கதவு போட்ட கூட்டிலாவது விடுங்கள். உள்ளேயிருந்து குரைத்தாலும் திருடனுக்குக் கேட்கும்.

சரி, லெப்ரடோர்? பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கும், புது ஆளைக் கண்டால் வாலாட்டும், காவலுக்கு அவ்வளவாகப் பயன்படாது. அதன் பெரிய எதிரி நம் குசினி. நிறைய லெப்ரடோர்களுக்கு எவ்வளவு தின்றாலும் வயிறு நிறைந்த உணர்வே வருவதில்லை. பசியை அடக்கும் மரபணு ஒன்றின் ஒரு துண்டு இல்லாததே காரணம் என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. அதனால் அது கெஞ்சுகிற கண்ணை நம்பாதீர்கள், விலாவை நம்புங்கள். உள்ளங்கையை விலாவில் வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் ஒவ்வொன்றாக விரலில் பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் சோற்றைக் குறையுங்கள். வளர்ந்த லெப்ரடோர் 25 முதல் 36 கிலோ வரை இருக்கலாம். ஐம்பதைத் தொட்ட ஒன்று என் மேசைக்கு வந்தது. ஆளுக்கொரு துண்டாக வீட்டில் ஐந்து பேரும் ரொட்டி கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

அப்புறம் அதன் காது. மே மாதத்திலிருந்து நம் பக்கம் மழையும் மூடுபனியும் விடுவதில்லை. தொங்கும் காதுக்குள் ஈரம் காயாது. வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ கறுப்பு அழுக்கோ இருந்தால் கொண்டுவாருங்கள். நனைந்து வந்த நாயை, எந்த இனமானாலும், அடி மயிர் வரை துவட்டிவிடுங்கள்.

இடுப்பு மூட்டுக் கோளாறு இரண்டு இனத்துக்கும் உண்டு. நம் வீடுகளின் மெழுகிய சிவப்புச் சீமெந்துத் தரையில் குட்டி காலை விரித்து வழுக்குவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஒரு சாக்கை விரித்துவிடுங்கள். மூன்று மாதம் வரை படிகளில் தூக்கிக்கொண்டு போங்கள். உண்ணிக் காய்ச்சலும் இனம் பார்ப்பதில்லை. நாய் தின்னாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் பிளேன்டி நிறத்தில் போனாலோ அன்றைக்கே வாருங்கள். ஓடைத் தண்ணீர் குடிக்கிற நாய்க்கு ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் சொட்டினால், உள்ளே அட்டை இருக்கலாம். உப்போ புகையிலையோ போடாதீர்கள், நாங்கள் எடுத்துவிடுவோம்.

அந்தக் குடும்பத்துக்கு லெப்ரடோரைத்தான் சொன்னேன். தினமும் ஒரு மணிநேரம் நடக்கவும் பழக்கவும் பெரியவர் ஒருவர் இருந்திருந்தால் ஷெப்பர்டுக்கும் தயங்காமல் சரி சொல்லியிருப்பேன். "எனக்கு இழுத்துப் பிடிக்க ஏலாது தம்பி" என்று அப்பாயி மகனிடம் சொன்னதோடு அவரும் ஒத்துக்கொண்டார். சாப்பாடு கொடுக்கிற பொறுப்பு அப்பாயிக்கு மட்டும் என்று பிள்ளைகளிடம் அங்கேயே பேசி முடித்தோம்.

குட்டி பார்க்கப் போகும்போது தாயையும் காட்டச் சொல்லுங்கள். தாய் பயந்து ஒதுங்கினாலோ, காட்டவே மறுத்தாலோ வாங்காமல் வந்துவிடுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு 16 வாரம் வரை தவணை தவறாமல். விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், அதனால் கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை லயத்துக் கான் ஓரமும் பொதுப் பாதையும் குட்டிக்கு வேண்டாம். வெளியே போனால் கையில் தூக்கிக்கொள்ளுங்கள்.