இஞ்சினியரிங் ஜியாலஜிக்குத் தமிழ்ல என்னய்யா பேரு?

போன வாரம் ராத்திரி சாப்பிட உக்காந்த நேரத்துல அக்கா மகன் போன் பண்ணான், "மாமா, இஞ்சினியரிங் ஜியாலஜிக்குத் தமிழ்ல என்ன?"னு. அவன் யாங்கோன்ல சிவில் படிக்கிறான், ஞாயித்துக்கிழமையானா கோயில் மண்டபத்துல சின்னப் பிள்ளைங்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறான், அங்க ஒரு பொடிசு "அண்ணே நீங்க என்ன பாடம் படிக்கிறீங்க"ன்னு கேட்டிருக்கு, பர்மீஸ்ல டக்குனு சொல்லிட்டானாம், தமிழ்ல வாய் வரலையாம். நானும் சோத்த மென்னுக்கிட்டே "பொறியியல் புவியியல்"னு சொல்லி போனை வச்சிட்டேன். வச்ச பிறகுதான் உறுத்துச்சு.

ஏன்னா புவியியல்னா தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் புத்தகத்துல ஜியாகிரபி, அதாவது மலை, ஆறு, மழை, மக்கள்தொகை இதெல்லாம். அதே புவியியலை செய்தித்தாள்காரங்க "இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்"னு போட்டா அது ஜியாலஜி. ஒரே சட்டைய ரெண்டு பேரு மாத்தி மாத்தி மாட்டிக்கிட்ட கதை. சில காலேஜ்ல புவியமைப்பியல்ங்கறாங்க, சிலர் மண்ணியல்ங்கறாங்க (அது மண்ணை மட்டும் படிக்கிறதுக்குத்தான் பொருந்தும், பாறைய எங்க கொண்டுபோய் வைக்கிறது), இலங்கையில அரசாங்கமே புவிச்சரிதவியல்னு எழுதுது. பூமியோட சரித்திரம்ங்கற அந்த அர்த்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா முன்னாடி பொறியியலையும் சேத்துச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிடும்.

இங்க பர்மீஸ்ல இந்தக் குழப்பமே கிடையாது. ஜியாகிரபிக்கு பத்தவிவின், ஜியாலஜிக்கு பூமிபேட. ரெண்டும் பாலி வழியா வந்ததுதான், முன்னதுல இருக்கறது நம்ம பிருதிவி, பின்னது அப்படியே பூமி வேதம். தினம் காதுல விழுற சொல்லு, ஆனா தமிழ்ல நாம இன்னும் ஒண்ணுக்கு நாலு வச்சுக்கிட்டுத் தடுமாறுறோம்.

மூலச் சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்துல கே-ன்னா பூமி, லோகோஸ்னா பேச்சு, அறிவு. வேடிக்கை என்னன்னா 14ஆம் நூற்றாண்டுல ரிச்சர்ட் டி பரிங்கற இங்கிலாந்து பாதிரியார் ஜியோலஜியாங்கற சொல்லை சட்டப் படிப்புக்குத்தான் எழுதினாரு, இறையியல் மேலோகத்துக்கு, சட்டம் மண்ணுலகத்துக்குன்னு கணக்கு. கல்லு மண்ணுங்கற இன்னிக்கு அர்த்தத்துல அது நிலைச்சது 1770கள்ல, டெலூக், சொசூர்னு ரெண்டு சுவிஸ்காரங்க எழுதின பிறகு.

இஞ்சினியர்ங்கற சொல்லு இன்னும் சுவாரசியம். லத்தீன்ல இஞ்சேனியம்னா பிறவிப் புத்தி. அந்தப் புத்தியால செஞ்ச சாமான், அதுலயும் கோட்டையை உடைக்கிற போர்க்கருவி, அதைச் செய்யறவன்தான் முதல்ல இஞ்சினியர். நம்ம பொறியும் அதே தடத்துல வந்தது பாருங்க, சிலப்பதிகாரத்துல மதுரைக் கோட்டை மதில்மேல வளைவிற்பொறின்னு ஒரு ஆயுதம் வருது, ஆளில்லாம தானே வளைஞ்சு அம்பு விடுற வில்லு. அதனால பொறியியல்ங்கறது ஒட்டுப்போட்ட மொழிபெயர்ப்பு மாதிரி இல்லாம வேர்லயே பொருந்தி நிக்குது. பின்னாடி 18ஆம் நூற்றாண்டுல ஜான் ஸ்மீட்டன் "நான் ராணுவத்து ஆள் இல்லப்பா"ன்னு காட்டறதுக்காக சிவில் இஞ்சினியர்னு போட்டுக்கிட்டாரு.

சரி, ரெண்டையும் சேத்தா என்ன படிப்பு? பாறை ஒண்ணுதான், கேக்கற கேள்விதான் வேற. ஜியாலஜிக்காரர் இது எப்ப உண்டாச்சு, எப்படி உண்டாச்சும்பாரு. இஞ்சினியரிங் ஜியாலஜிக்காரர் இது எவ்வளவு தாங்கும், வெடிப்பு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, தண்ணி எந்த வழியா உள்ள போகும், மழைல ஊறினா என்ன ஆகும்னு கேப்பாரு. மலையில ரோடு வெட்டறோம்னு வைங்க, பாறை அடுக்கு ரோட்டைப் பாத்து சாஞ்சிருந்தா ஒரு மழைக்கு வழுக்கிட்டு வந்து விழும், மலைக்குள்ளாற சாஞ்சிருந்தா பெரும்பாலும் நிக்கும். கல்லு அதே கல்லுதான். அப்புறம் ஜியோடெக்னிக்கல்னு ஒண்ணு இருக்கு, அது கணக்குப் பக்கம், அஸ்திவாரம் எத்தனை அடி, பைல் (தரைக்குள்ள இறக்கற தூண்) எத்தனைன்னு. கீழ என்ன கிடக்குன்னு ஜியாலஜிக்காரர் சொன்னாத்தான் ஜியோடெக்னிக்கல்காரர் கணக்குப் போட முடியும்.

கிட்டப் பாக்கணும்னா, கட்டறதுக்கு முன்னாடி தரைல துளை போட்டு மண்ணைச் சோதிக்கற சைட்டுக்குப் போகணும். யாங்கோன் தாக்கேத்தாவுல ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்கு அப்படிப் போட்டப்ப பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். முக்காலி நட்டு, 63.5 கிலோ சம்மட்டிய 76 செண்டிமீட்டர் உயரத்துல இருந்து கம்பி மேல விடுவாங்க, டங்கு டங்குனு, முதல் 15 செண்டிமீட்டரைக் கணக்குல சேக்காம அடுத்த 30 செண்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை அடிக்கணும்னு எண்ணணும், அந்த எண்ணிக்கைக்கு என்-வேல்யூன்னு பேரு. பர்மாக்காரத் தம்பி "தித், நித், தோன்"னு எண்ண ஆரம்பிச்சான், மூணோட நிப்பாட்டிட்டான், கம்பி அதுக்குள்ள இறங்கிடுச்சு. கம்பி முனையில இருக்கற குழாயைத் திறந்தா சாம்பல் நிறக் களிமண்ணு, விரலை வச்சா வெண்ணெயில போற மாதிரி போகுது, சேத்து நாத்தம் வேற. ஷ்வேடகோன் பகோடா இருக்கற மேட்டுப் பக்கம் தோண்டினா சிவப்பு மண்ணும் கவான் கல்லும் வரும், அது நம்ம ஊர் செம்புரைக்கல்தான். ஒரே ஊரு, ரெண்டு தரை.

எங்க வீடும் அந்தப் பள்ளத்துப் பக்கம்தான். மெயின் வீட்டுக்கு அப்பா மரக்கம்பம் அடிச்சுத்தான் கட்டினாரு, பின்னாடி ஒட்டின சமையக்கட்டுக்கு குப்பையும் செங்கல் துண்டும் போட்டு மேடாக்கி மேல சுவர் எழுப்பிட்டோம், மூணு மழைக்காலத்துல சமையக்கட்டு மட்டும் நாலு விரக்கடை இறங்கி, சுவர் மூலையில கை நுழையற வெடிப்பு. மேஸ்திரியைத் திட்டிட்டு இருந்தோம். திட்ட வேண்டியது எங்களைத்தான்.

பெரிய அளவுல இதே பாடம் 1928 மார்ச் 12 நடுராத்திரி நடந்துச்சு. லாஸ் ஏஞ்சலஸ்கிட்ட செயிண்ட் பிரான்சிஸ் அணை உடைஞ்சு 400 பேருக்கு மேல செத்தாங்க. ஒரு கரையில சிவப்பு கூழாங்கல் பாறை, விசாரணைக்கு வந்தவங்க அதுல ஒரு துண்டை எடுத்து டம்ளர் தண்ணியில போட்டுப் பாத்தா கொஞ்ச நேரத்துல கரைஞ்சு உதிர்ந்து போச்சு. மறு கரை பழைய நிலச்சரிவு மேலயே நின்னுருக்குன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க, இப்ப பெரும்பாலானவங்க அதைத்தான் முதல் காரணமா சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் அணைன்னா ஜியாலஜிக்காரரைக் கேக்காம கை வைக்கறதில்லைங்கறது வழக்கமாச்சு. 1964ல டெல்லி மாநாட்டுல இந்தத் துறைக்குன்னு உலக சங்கமே உண்டாச்சு.

நமக்கு டம்ளர் சோதனை தேவைப்படல. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் 12.50, பர்மாவுல சகாயிங் பிளவு அறுந்து 7.7 அளவுல நிலநடுக்கம் வந்துச்சு. வடக்கு தெற்கா நாட்டையே கீறிட்டுப் போற கோடு அது, அன்னிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல கிழிஞ்சது. 1934ல கட்டின ஆவா பாலம் ஐராவதியில விழுந்து கிடந்த படத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. ஆத்தோரத்துல தண்ணி ஊறின மணல் குலுங்கினதும் கஞ்சி மாதிரி ஆயி வெடிப்பு வழியா பொங்கி வெளிய வந்துச்சு, இதுக்கு மண் திரவமாதல்னு பேரு, கட்டடம் பலமா இருந்தும் கால் புதைஞ்சு சாயறது இதனாலதான். 1000 கிலோமீட்டர் தள்ளி பேங்காக்ல உயரக் கட்டடமெல்லாம் ஆடினதுக்கும் காரணம் தரைக்கடியில இருக்கற மெத்தைக் களிமண்ணு, மெதுவா வர்ற ஆட்டத்தைப் பெருசாக்கி விட்டுருச்சு. அங்க கட்டிக்கிட்டிருந்த உயரக் கட்டடம் ஒண்ணு மொத்தமா சரிஞ்சதுக்கு மண்ணை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, பக்கத்துல இருந்ததெல்லாம் நின்னுச்சே.

இதையெல்லாம் யோசிச்சுத்தான் மறுநாள் அவனுக்கு போன் பண்ணி, "டேய், நேத்து சொன்னதை அழிச்சிரு, பொறியியல் நிலவியல்னு எழுது"ன்னேன். அகராதியிலயும் இருக்கு, ஜியாகிரபியோட மோதாது, வாயிலயும் நுழையும்.

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மறுபடி போன். "மாமா, போர்டுல எழுதினேன், அதே பொடிசு கேக்குது, அப்ப அண்ணன் நிலாவுக்குப் போவீங்களான்னு."

கேட்டதுல தப்பே இல்ல. நிலம், மகரம் விழுந்து நில, கூட இயல், நடுவுல வ் வந்து நிலவியல். நிலவும் இயலும் சேந்தாலும் அதே நிலவியல்தான். பேசாம நிலத்தியல்னு வச்சிருக்கலாம், "நிலத்தியல்பால் நீர்திரிந்து"ன்னு குறள்லயே ஆள் இருக்காரு, மண்ணோட குணத்துக்குத் தண்ணி மாறும்ங்கறதை விட இந்தத் துறைக்கு வேற என்ன வேணும். ஆனா அப்படி யாரும் எழுதறதில்லையே, நானும் அவனும் மட்டும் எழுதி என்ன பண்ண, நிலவியலே இருக்கட்டும்னுட்டேன்.

"அந்தப் பிள்ளைகிட்ட இல்லன்னு சொல்லிடாதடா"ன்னும் சொன்னேன். 1972ல அப்பல்லோ 17ல நிலாவுல இறங்கி கல்லு பொறுக்கின ஹாரிசன் ஷ்மிட் ஜியாலஜிக்காரர்தான்.