1.7 மைக்ரானில் நின்றுவிட்ட கேமரா

ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். பழைய வடாற்காட்டு ஊர். இப்போது திருப்பத்தூர் மாவட்டக் கணக்கில் இருக்கிறது. 1986-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் நிற்கிறது. அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம். விண்வெளியில் சுற்றும் ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்புறம் எதற்கு அவ்வளவு செலவு செய்து மேலே அனுப்பினார்கள்?

பல காரணங்கள் உண்டு. அதில் முக்கியமானது அண்மை அகச்சிவப்பு, அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டிய ஒளி. தூசி மேகத்துக்குள் பிறக்கும் விண்மீனும், பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவந்துபோன தொலைதூர கேலக்ஸியும் இதில்தான் பிடிபடும். ஆனால் நம் காற்றிலுள்ள நீராவி 1.4, 1.9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தின் பக்கம் இந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, சுமார் 90 கி.மீ. உயரத்தில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவெல்லாம் இதே அகச்சிவப்பில் ஒளிர்கின்றன.

சரி, மேலே போயாயிற்று. எந்தக் கேமரா? ஹபிளில் 1997-இல் பொருத்திய நிக்மாஸ், 2.5 மைக்ரான் வரை பார்த்தது. 2009-இல் வந்த டபிள்யூ.எஃப்.சி-3 கேமராவின் அகச்சிவப்புப் பிரிவு 1.7-லேயே நின்றுவிடுகிறது. எண்களை மட்டும் பார்த்தால் பழையதுதான் கெட்டிக்காரக் கேமரா என்று தோன்றும்.

ஏன் அப்படி நிறுத்தினார்கள் என்பது வேலூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மே மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகும் கோட்டையைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் அனல் வீசுமே, அந்த அனலும் அகச்சிவப்புதான். ஹபிளின் ஆடி ஏறக்குறைய அறை வெப்பநிலையில் இருக்கிறது; அதுவும் அனல் வீசுகிறது. அந்த வீச்சின் உச்சம் 10 மைக்ரான் பக்கம் என்றாலும், அதன் வால் 1.7-க்குப் பிறகு மளமளவென்று ஏறும். அதற்கு மேல் படமெடுத்தால் வானத்தோடு சேர்த்துத் தொலைநோக்கியின் சொந்தச் சூட்டையும் படமெடுக்க வேண்டியதுதான்.

இந்தக் கேமராக்களில் ஒளியைப் பிடிக்கும் உணரிகள் பாதரசம், காட்மியம், டெல்லூரியம் சேர்ந்த படிகம். பாதரசத்தின் பங்கைக் குறைத்தால் நீள அலைகள் தெரியாமல் போகும். டபிள்யூ.எஃப்.சி-3-இல் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். சூட்டைப் பார்க்காத உணரிக்குக் கடுங்குளிர் தேவையில்லை. மின்சாரத்தால் குளிர்விக்கும் முறையிலேயே 145 கெல்வினில், அதாவது மைனஸ் 128 டிகிரியில் வேலை செய்கிறது. நிக்மாஸுக்கோ திட நைட்ரஜன் வேண்டியிருந்தது. எதிர்பாராத வெப்பக் கசிவால் அது 1999 ஜனவரியிலேயே தீர்ந்துபோய், 2002-இல் விண்வெளி வீரர்கள் போய்ப் புதுக் குளிர்விப்பானைப் பொருத்தும்வரை கேமரா சும்மா கிடந்தது. பார்வையைக் குறைத்துக்கொண்டு ஆயுளைக் கூட்டிக்கொண்ட அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் முடிவுகளில் ஒன்று.

பரப்பிலும் புதியதுதான் முந்துகிறது. நிக்மாஸின் மூன்று கேமராக்களில் அகலமானதைப்போல ஆறு மடங்குக்கு மேல் வானத்தை ஒரே படத்தில் பிடிக்கும். பெயர் தெரியாத மங்கலான கேலக்ஸிகளைத் தேடுபவருக்கு இதுதான் உயிர். இதற்கும் ஒரு விலை உண்டு: ஒரு பிக்சல் 0.13 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட்), ஒரு விண்மீனின் ஒளிப்புள்ளி ஏறக்குறைய ஒரே பிக்சலில் அடங்கிவிடும், நுணுக்கம் தெரியாது. அதனால் தொலைநோக்கியை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, பிறகு சேர்க்கிறார்கள்.

பிறகு வந்த ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி சூட்டுப் பிரச்சினையை வேரிலேயே தீர்த்தது. 6.5 மீட்டர் ஆடியைச் சூரியத் தடுப்புக்குப் பின்னால் 50 கெல்வினை ஒட்டிய குளிரில் வைத்ததால், அதன் நிர்கேம் என்ற அகச்சிவப்புக் கேமரா 5 மைக்ரான் வரை தாராளமாகப் பார்க்கிறது.

அப்படியானால் எப்போதும் வெப்தானா? இல்லை. இந்தக் கேமராக்களின் பழைய படங்களை மாஸ்ட் என்ற இணைய ஆவணக்காப்பகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கலாம். வேலூரில் ஒரு கல்லூரி மாணவியும் இதை வைத்து புராஜெக்ட் செய்யலாம். அவர் முதலில் பார்க்க வேண்டியது தன் பொருள் எந்த அலைநீளத்தில் ஒளிர்கிறது என்பதை. ஹைட்ரஜன் அணுவின் 1.28 மைக்ரான் கோடு என்றால் டபிள்யூ.எஃப்.சி-3 போதும், அதற்கென்றே வடிகட்டி இருக்கிறது. இளம் விண்மீன் பீய்ச்சும் தாரையில் ஹைட்ரஜன் மூலக்கூறு 2.12 மைக்ரானில் ஒளிர்வதைத் தேடுகிறார் என்றால் நிக்மாஸ் அல்லது நிர்கேம், இரண்டில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும்.