ஒடுக்கின் நடுவில் ஏன் அடிக்கக் கூடாது?

மதுரை பைபாஸ் ரோட்டில் ஆட்டோ உரசி, கார்க் கதவில் கையகலத்துக்கு ஒடுக்கு விழுகிறது. டிங்கரிங் கடையில் சேர்ந்து ஒரு வாரமே ஆன பையனிடம் சுத்தியலைக் கொடுத்தால், உள்பக்கமிருந்து குழியின் நட்டநடுவில் ஓங்கி ஒன்று போடுவான். ஆழமான இடம் அதுதானே என்று கணக்கு. அந்தக் கணக்கு ஏன் தப்பு என்று பிடிபட்டால் தொழிலில் பாதி பிடிபட்ட மாதிரி.

கதவின் வெளித்தகடு ஏறத்தாழ 0.7 மி.மீ. கனம்தான். சாதாரண இரும்புத்தகட்டில் ஒரு மீட்டர் நீளத் துண்டை இழுத்தால், சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும்வரை விட்டதும் பழையபடி சுருங்கிவிடும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். ஒடுக்கில் இந்த இரண்டு வகைத் தகடும் சேர்ந்தே இருக்கின்றன. குழியின் பெரும்பகுதி வழிவிட்டால் தானே வெளியே வந்துவிடும். விளிம்பில் கூராக மடிந்த பகுதி மட்டும் நிரந்தரமாக வளைந்து, மற்றதைப் பூட்டிப் பிடித்திருக்கிறது. வளைந்த இடத்தில் இரும்பு இறுகியும் போகும். கம்பியை மடக்கி மறுபடி நிமிர்த்திப் பாருங்கள்: மடங்கிய இடம் நிமிராது, பக்கத்தில் புதிதாக ஒரு வளைவு விழும். பித்தளைப் பாத்திரம் அடிப்பவர்கள் இடையிடையே நெருப்பில் காட்டுவது இந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான்.

ஆகவே மோதலில் கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் ஒடுக்கின் வெளிவிளிம்பில், மேடாக நிற்கும். கதவின் உள் அட்டையைக் கழற்றி, டாலி என்கிற இரும்புக் கட்டியைக் குழிக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, சுத்தியலால் வெளியே அந்த மேட்டைத் தட்ட வேண்டும். ஓங்கி அல்ல, மணிக்கட்டால். மேடு இறங்க இறங்கக் குழி தானாக ஏறும். அதன் பிறகுதான் சுத்தியலுக்கு நேர் கீழே டாலியை வைத்துச் சின்ன அலைகளைச் சமன்செய்வது. இந்த நேரடி அடியில் ஒரு வம்பு உண்டு: தகடு இரண்டு இரும்புக்கு நடுவில் நசுங்கி, மெலிந்து, பரப்பில் விரிகிறது. அளவு மிஞ்சினால் அந்த இடம் எண்ணெய் டின் மாதிரி அமுக்கினால் 'டொக்' என்று உள்ளே போய் வெளியே வரும். நடுவில் ஓங்கி அடித்த பையனுக்கும் இதேதான் கிடைக்கும்.

விரிந்ததைச் சுருக்கச் சூடு வேண்டும். விரிந்த இடத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவை கேஸ் சுடரில் சிவக்கப் பழுக்கவைத்தால், அது விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. வேறு வழியின்றிக் கனத்தில் தடித்துக்கொள்ளும். மெல்லத் தட்டி, ஈரத்துணி வைத்தால், ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சிறுத்து, சுற்றியுள்ளதையும் இழுத்துக்கொள்ளும். இந்த வித்தை எல்லா இடத்துக்கும் ஆகாது. புது வண்டிகளில் கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண் பெரும்பாலும் அதிவலுவான எஃகு; சூடு காட்டினால் அந்த வலு போய்விடும், அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவரைக் காக்காது. அலுமினியத் தகடு சிவக்காமலே உருகிவிடும்.

பட்டி பார்ப்பது, அதாவது மிச்சப் பள்ளத்தைப் பசை பூசி நிரப்புவது, இதற்கெல்லாம் பிறகு. இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் டிங்கரிங் முடியவில்லை என்றுதான் அர்த்தம். அரை அங்குலம் அப்புவதைத் தொழில் என்று சொல்ல மனசு வராது. 100 கிராம் பட்டிக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 2 கிராம் என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் அது பூசி முடிப்பதற்குள் இறுகிவிடும். டப்பாவில் அனுமதித்த அளவுக்குள் ஹார்டனரைக் குறைக்கலாம்; கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது அதைவிட நல்லது. ஹார்டனர் கூடினால் பின்னாளில் பெயின்ட் மேல் கறை கசியும். தேய்ப்பதற்கு 80, 180, 320 என்ற வரிசையில் உப்புத்தாள். பட்டியில் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது பல கடைகளில் பழக்கம், ஆனால் பட்டி ஈரம் குடிக்கும். ஐப்பசி மழையில் அப்படித் தேய்த்து அவசரமாகப் பிரைமர் அடித்த வண்டி சில மாதத்தில் கொப்புளத்தோடு திரும்பி வரும். தண்ணீரைப் பிரைமருக்கு மேல் தேய்க்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

தொழிலுக்குள் வர இரண்டு வழி. கடையில் கையாளாகச் சேர்வது ஒன்று. ஐ.டி.ஐ.யில் 'மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர்', 'மெக்கானிக் ஆட்டோ பாடி பெயின்டிங்' என்று தனித்தனியாக ஓராண்டுப் பிரிவுகள் உள்ளன; எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, கே.புதூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் நேரில் விசாரித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். எந்த வழியில் வந்தாலும் முதல் சில மாதம் உப்புத்தாளோடுதான். அலுத்துக்கொள்ள வேண்டாம், மேடுபள்ளம் பார்க்கக் கை பழகுவது அப்போதுதான். உள்ளங்கையை ஒடுக்கின் மேல் மட்டுமல்ல, நல்ல தகட்டில் தொடங்கி ஒடுக்கைக் கடந்து மறுபக்க நல்ல தகடு வரை ஓட்ட வேண்டும். கைக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய துணி இருந்தால் கை வழுக்கி இன்னும் துல்லியமாகத் தெரியும்.

கடையில் யாரும் சொல்லித்தராமல் போகக்கூடிய இரண்டு: மின்வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, ஹார்டனர் கலந்த பெயின்ட், அதற்கு மேல் பளபளப்புக்குப் பூசும் கிளியர் அடிக்கும்போது முகத்தில் கைக்குட்டை கட்டி நிற்காமல் இருப்பது. அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளுக்கு எச்சரிக்கும் அளவு வாசனை கிடையாது, ஆஸ்துமாவைத் தொடங்கிவைக்கும். தூசி முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடிதான் அதற்குச் சரி.